பவுடர் மாப்பிள்ளை

ஜூன் 3, திங்கள்

ஆசிட் சப்ளை செய்கிற கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக ஆபீஸ் மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. என் மனைவி வசந்தாமணி இன்று அதை உருவி, தூசி தட்டி, என் முன்னால் வைத்து, இனிமேல் புலம்புவதையெல்லாம் இதில் எழுதுங்கள் என்றாள். அவள் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம். நான் புலம்புகிற ஆளே இல்லை. நடந்ததைச் சொல்வேன், அவ்வளவுதான். மேசை இப்போது ஆடுகிறது.

சரி, நடந்தது. கோவை கணபதியில் பதினெட்டு வருஷமாகப் பூச்சுப் பட்டறை நடத்துகிறேன். நிக்கல் கரைசலில் சிலிக்கான் கார்பைடு என்கிற மாவைக் கலந்து, கொதிப்பதற்குச் சற்று முன்னால் உள்ள சூட்டில் வைத்து, இரும்புச் சாமானை அதில் தொங்கவிடுவோம். நிக்கலும் மாவும் சேர்ந்து இரும்பின் மேல் படியும். முடியின் கனம்கூட இருக்காது. ஆனால் மணலைப் போட்டு ராவினாலும் லேசில் தேயாது. இரும்பின் ஆயுளைக் கூட்டுகிற காரியம் இது. இதை வசந்தாமணியின் அண்ணன், என் மைத்துனர் சென்னியப்பன், போன ஐப்பசியில் ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என்ற மாப்ள இரும்புக்குப் பவுடர் பூசறவருங்க" என்றார். பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். வசந்தாமணியும் சிரித்தாள். இல்லை என்கிறாள். நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து மச்சானோடு நான் பேசுவதில்லை. இரும்பைக் காய்ச்சி எண்ணெயில் முக்கிப் பதப்படுத்தும் அவருடைய பட்டறை எங்கள் பக்கத்துக் கொட்டகைதான். நடுவில் ஒரே சுவர், சுவரில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் காலி டிரம்களை அடுக்கிவிட்டேன். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை.

ஜூன் 5, புதன்

பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில் வைத்திருக்கும் நாச்சிமுத்து அண்ணன் வந்தார். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிற மில். மெஷினுக்குள்ளே ஓர் உருளை. அதைச் சுற்றி நான்கு வரிசையாக உள்ளங்கை நீளத்துக்கு இரும்புச் சுத்திகள். உருளை சுற்றச் சுற்றச் சுத்திகள் மட்டையை அடிக்கும். மட்டையோடு வருகிற மணலும் கல்லும் சுத்தியைத் தின்றுவிடுகிறதாம். மாதத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கிறதாம். உன் பூச்சைப் போட்டுக் கொடு பார்க்கலாம் என்றார். நன்றாக நின்றால் மூன்று மில்லுக்கும் இனி எப்போதும் இங்கேதான் என்றார்.

காபி குடிக்க வைத்து அனுப்பினேன். வாசலில் போய் நின்றவர், நேராக என் வண்டியைத் தாண்டி, மச்சான் கொட்டகைக்குள் நுழைந்தார். அரை மணி நேரம் கழித்து வந்து என்னிடம் விளக்கம் வேறு சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் அவர் உறவு. ஒருத்தருக்குக் கொடுத்து ஒருத்தருக்குக் கொடுக்காமல் போனால் நாளைக்கு ஒரு விசேஷத்தில் யார் முகத்திலும் முழிக்க முடியாதாம். அதனால் ஒரு பக்கத்து இரண்டு வரிசை எனக்கு, மறுபக்கத்து இரண்டு வரிசை மச்சானுக்கு. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தப் பக்கம், பெண் வீட்டாருக்கு அந்தப் பக்கம் என்று நாற்காலி போடுகிற மாதிரி.

யோசித்தால் நியாயமாகத்தான் இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

பக்கத்துக் கொட்டகையில் இன்று எண்ணெய் வாடையே இல்லை. உலை போடவில்லை போல. உடம்புக்கு ஏதாவதோ என்னவோ. எனக்கென்ன.

ஜூன் 7, வெள்ளி

வாடை வருகிறது. உலை போட்டுவிட்டார்.

ஜூன் 10, திங்கள்

சுத்திக்குச் சாதாரண மைல்டு ஸ்டீலே போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். பூச்சு வேலையைப் பார்க்கிற ஸ்டெல்லா பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறாள். மெதுவாகக் கேட்டாள், "பதப்படுத்தின இரும்பா இருந்தா அடியில நல்லா தாங்குமே சார்?" தாங்கும்தான். மெத்தை மேல் ஓடு வைத்துத் தட்டினால் ஓடு உடையத்தானே செய்யும்? அடியில் இரும்பு கெட்டியாக இருந்தால்தான் மேலே பூச்சு நிற்கும். இது எனக்குத் தெரியாதா?

ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அதை அவளுக்கு நிதானமாக விளக்கினேன். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும். உடையாமல் இருக்க, மறுபடி குறைந்த சூட்டில் ஒரு தடவை காய்ச்சி எடுப்பார்கள். மச்சான் இந்த மாதிரி சாமானுக்கு இருநூற்றைம்பது டிகிரிதான் வைப்பார், இருபது வருஷமாக அதுதான் அவர் கணக்கு. என் பூச்சோ கரைசலிலிருந்து எடுத்த பிறகு நானூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வெந்தால்தான் முழு உறுதிக்கு வரும். அவர் இருநூற்றைம்பதில் எடுத்த இரும்பை நான் நானூறில் வைத்தால் அவர் ஏற்றிய பதமெல்லாம் இறங்கிவிடும். ஆகவே அவர் இரும்பும் என் பூச்சும் சேரவே சேராது. இது விஞ்ஞானம், சொந்தத் தகராறு இல்லை.

ஸ்டெல்லா "சரிங்க சார்" என்றாள். அவள் சரிங்க சார் சொல்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 12, புதன்

சுத்திகளைக் கரைசலில் இறக்கினோம். மாவு அடியில் தங்காமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ரவைப் பாயசம் மாதிரி. மாலையில் வெளியே எடுத்தபோது ஒரே சீரான சாம்பல் நிறம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

முன்பெல்லாம் வேக வைக்க அந்தச் சின்னக் கதவைத் திறந்து தட்டை நீட்டினால் போதும். மச்சான் தன் உலையில் ஓர் ஓரத்தில் வைத்து எடுத்துக் கொடுப்பார். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு நிற்போம். இப்போது அது தேவையில்லை. நானே ஓர் அடுப்பு வாங்கிவிட்டேன். அது முன்னூற்றுப் பத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. கதவு ஓரத்தில் சூடு கசிகிறது. ஒன்றும் மோசமில்லை. முன்னூற்றுப் பத்தும் நானூறும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தேன்.

வசந்தாமணி மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தபோது அடுப்பைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல வெங்காய வடகம் நல்லா காயுமுங்க" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

சுத்திகள் பொள்ளாச்சிக்குப் போயின. ஒரே டெம்போவில் என்னுடையதும் மச்சானுடையதும். அவருடையவை எண்ணெய்க் கறுப்பில் அவலட்சணமாக இருந்தன. டெம்போக்காரன் இரண்டு பெட்டியையும் ஒன்றோடொன்று இடிக்க வைத்தான். நடுவில் சாக்குப் போடச் சொன்னேன். என் பூச்சு கீறிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஜூன் 20, வியாழன்

நாச்சிமுத்து அண்ணனுக்கு போன் போட்டேன். மெஷின் சும்மா பூப்போல ஓடுகிறது என்றார். யாருடைய சுத்தி நன்றாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பொதுவாக, மற்ற வரிசைகள் எப்படி என்று மட்டும் கேட்டேன். இதே கேள்வியைக் காலையில் மச்சானும் கேட்டாராம்.

வீட்டில் இதைச் சொன்னேன். "ரெண்டு பேரும் நடுவுல ஒரு சொவத்தை வெச்சுட்டு பொள்ளாச்சி வழியா பேசிக்கறீங்க" என்றாள் வசந்தாமணி. நீ போய் அவரிடம் ஏதாவது விசாரித்து வாயேன் என்றேன். தூது போக அவள் ஆள் இல்லையாம். ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் அண்ணனுக்கு ரசம் கொண்டுபோக மட்டும் ஆள்.

ஜூன் 26, புதன்

நாச்சிமுத்து அண்ணன் போன். மெஷின் லேசாக அதிர்கிறதாம். மேசை மேல் வைத்த டீ டம்ளர் தானாக நடந்துபோய்க் கீழே விழுந்ததாம்.

மச்சான் சுத்தியில்தான் ஏதோ கோளாறு.

ஜூலை 1, திங்கள்

பேரிங் உடைந்து மெஷின் நின்றுவிட்டது. நாளை இரண்டு பேரும் வந்தாக வேண்டும் என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் போனை வைத்துவிட்டார். இதுவரைக்கும் அவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

நான் காரில் போனேன். மச்சான் மொபெட்டில் வந்தார். கிணத்துக்கடவில் ஒரு ஓட்டலில் நான் இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். அடுத்தடுத்த மேசை. சர்வர் இரண்டு பேரும் சேர்ந்து வந்தவர்கள் என்று நினைத்து ஒரே பில்லாகப் போட்டுவிட்டான். பிரித்துக் கொடுப்பா என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் கட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அறுபது கிலோமீட்டர் மொபெட்டில் வருகிற வயசா அது? முதுகுவலிக்காரர்.

மில்லில் உருளையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மச்சானுக்கும் புரிந்தது, அவர் தலையைச் சொறிந்த விதத்திலேயே தெரிந்தது. சுற்றுகிற உருளையில் எதிரெதிர்ச் சுத்திகள் ஒரே எடை இருக்க வேண்டும். சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. உறவில் யார் மனசும் நோகக் கூடாது என்று ஒரு பக்கம் முழுக்க எனக்கும் மறுபக்கம் முழுக்க அவருக்கும் கொடுத்ததில், ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் தேய்ந்து, உருளை ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. நாலு வரிசையிலும் எதிரெதிராகக் கலந்து மாட்டியிருந்தால் இந்தப் பாடே இல்லை. பதினெட்டு வருஷம் தொழில் செய்கிற நானும் முப்பது வருஷம் தொழில் செய்கிற அவரும் அதை யோசிக்காமல் பந்தியில் இடம் பிரிக்கிற மாதிரி தலையாட்டியிருக்கிறோம். வெட்கக்கேடு.

சுத்திகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என்னுடையதில் பக்கவாட்டில் பூச்சு போட்டபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் கல் அடிபட்ட நுனியில் உள்ளே இரும்பு அமுங்கி, மேலே பூச்சு முட்டை ஓடு மாதிரி விரிசல்விட்டுப் பெயர்ந்து, அங்கிருந்து தேய்ந்துபோயிருந்தது. மச்சானுடையதில் எந்த இடத்திலும் அமுங்கவே இல்லை. மணல் ராவி ராவி மேலாகத்தான் தேய்ந்திருந்தது.

அண்ணன் இரண்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தார். ஆடி பிறக்கிறதுக்குள் ஒழுங்கான ஒரு செட் வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து கொடுப்பீர்களோ எப்படியோ, இல்லாவிட்டால் வேறு ஊரில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் என் விஞ்ஞானத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், இருநூற்றைம்பது, நானூறு என்று. மச்சான் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 3, புதன்

கரைசல் தொட்டியைக் கழுவினோம். பாட்டரி மாற்றிக் கடிகாரத்தைச் சரி செய்தேன். மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன், நிற்கவில்லை.

இதில் எழுதுவதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். ஆர்டர் போனால் போகட்டும். இன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவரோடு நின்று ஒரு டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. பவுடர் என்று சொன்னதற்கு முன்னால் இருந்த மாதிரி. பந்தியில் யாரோ எதற்கோ சிரித்ததற்காக நான் இத்தனை மாதத்தைத் தொலைத்துவிட்டேன். அவரும் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்.

ஜூலை 4, வியாழன்

டிரம்களை நகர்த்தினேன். ஸ்டெல்லா ஒன்றும் கேட்காமல் வந்து மறுமுனையைப் பிடித்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருந்தது. நான் விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கதவு இடுக்கு வழியாக விட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு தடவை இல்லை.

கதவைத் திறந்தேன். மச்சான் உலைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதை ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். உங்கள் சுத்தி மேல் என் பூச்சைப் போடலாம், ஆனால் நானூறில் வேக வைத்தால் உங்கள் பதம் இறங்கிவிடும், அதற்கு ஏதாவது வழி உண்டா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று. பதம் இறங்கிவிடும் என்பது வரைக்கும்தான் வந்தேன்.

"பதமெல்லாம் எறங்காதுங்க மாப்ளே," என்றார் மச்சான். "அதெல்லாம் நானூத்தம்பதுல எடுத்ததுங்க."

"எதெல்லாம்?"

"அந்த செட்டு பூராவும்தான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜூன் மாதம், நாச்சிமுத்து அண்ணன் சொன்ன முதல் செட். யார் சுத்தி நிற்கிறது என்று பார்க்கிற போட்டிக்குப் போன செட். வழக்கமான இருநூற்றைம்பதில் எடுத்திருந்தால் இன்னும் கெட்டியாக இருந்திருக்கும். மணலுக்கு இவ்வளவு தேய்ந்திருக்காது. சுலபமாக என்னை ஜெயித்திருப்பார். தன் கணக்கை மாற்றி, வேண்டுமென்றே கெட்டியைக் குறைத்து, என் நானூறு டிகிரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

"இருநூத்தம்பதுல எடுத்திருந்தா ஆர்டர் மொத்தமும் உங்களுக்குத்தானுங்களே மச்சான்," என்றேன்.

"வந்திருக்கும்," என்றார். உலையின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறவு நீங்க உங்க பூச்சை எங்கீங்க கொண்டுபோய் வேக வெப்பீங்க? அந்த வடக அடுப்புலயா?"

வடகம் என்று சொன்னது யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போனது என்று எனக்குத் தெரியும். கோபம் வர வேண்டும். வரவில்லை. கண்ணில்தான் ஏதோ வந்தது, உலைச் சூடு. அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதில் தூசி இல்லை.

டீ வந்தது. பந்தியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். சிரித்தவர்களைச் சொல்லுங்கள், உங்களை யார் சொன்னது என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் வசந்தாமணியிடம் நானூற்றைம்பது கதையை ஆரம்பித்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "தெரியுமுங்க. போன மாசமே அண்ணன் சொல்லுச்சு" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். சொல்லியிருந்தால் நான் டிரம்மை நகர்த்தியிருக்க மாட்டேனாம், ஆர்டருக்காக வந்தேன் என்று ஆகிவிடும் என்று இன்னும் இரண்டு டிரம் சேர்த்து அடுக்கியிருப்பேனாம்.

இதையும் எழுதி மட்டும் வைக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

மச்சான் புதுச் சுத்திகளைப் பதப்படுத்தித் தந்தார். ராவி, கழுவி, கரைசலில் இறக்கினோம். தட்டை நானே கதவு வழியாகக் கொண்டுபோனேன். நானூறு டிகிரி, ஒரு மணி நேரம். என் அடுப்பு வாங்கிய நாளிலிருந்து பார்க்காத நிறத்தில் வெளியே வந்தன. எல்லாம் ஒரே எடை, ஒவ்வொன்றாக மச்சானே தராசில் வைத்துப் பார்த்து, ஜோடி சேர்த்துக் கட்டினார். இந்தத் தடவை எதிரெதிராக.

என் அடுப்பை வெல்டிங் ராடு உலர்த்த அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு அது பரவாயில்லையாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நாச்சிமுத்து அண்ணன் போன். சுத்தி இன்னும் மாற்றவில்லை. டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மற்ற இரண்டு மில்லுக்கும் கேட்டிருக்கிறார். பில் யார் பேரில் போடுவது என்று இப்போது ஒரு புதுச் சண்டை. மச்சான் என் பேரில் போடச் சொல்கிறார், நான் அவர் பேரில் போடச் சொல்கிறேன். வசந்தாமணி அவள் பேரில் போடச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஆவணியின் முதல் கல்யாணம், அன்னூரில். பந்தியில் மச்சானும் நானும் பக்கத்தில் பக்கத்தில். எதிர் இலையில் உட்கார்ந்திருந்த ஒருவர், யாரோ ஈரோட்டுக்காரர், மச்சானிடம் உங்கள் மாப்பிள்ளை என்ன தொழில் என்று கேட்டார். மச்சானின் கை எடுத்த சோற்றோடு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து இலைகள் எல்லாம் எங்களையே பார்த்தன. பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் சோற்றை உருட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

"இரும்புக்குப் பவுடர் பூசறேனுங்க," என்றேன். "மச்சான் உள்ள கெட்டியா இல்லீன்னா அது நிக்காதுங்க."

பந்தி சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. என் இலையில் அப்பளம் தீர்ந்திருந்தது, தன்னுடையதை எடுத்து வைத்தார்.

ஆபீஸ் மேசை இன்னும் ஆடுகிறது. அட்டை, ரப்பர், மரச்சில்லு எதற்கும் நிற்கவில்லை. அதற்குச் சரியான கனம் இந்த டைரிதான். இதை மறுபடி அங்கேயே வைக்கப் போகிறேன்.